பாடநூலில் காணாமல்போன பல்

ஆசிரியர் அவர்களுக்கு,

முப்பத்தோரு ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பித்தவன் நான். சென்ற மாதம் வேர் சிகிச்சையின்போது, பல் மருத்துவர் மெல்லிய ஊசியால் வேர்க்குழாயில் ஒரு திரவத்தைச் செலுத்தினார். என்னவென்று கேட்டேன். “ஈ.டி.டி.ஏ., 17 சதவீதம்” என்றார். சிலிர்த்துவிட்டது.

ஆண்டுதோறும் நான் கரும்பலகையில் வரைந்த மூலக்கூறு அது! இரண்டு நைட்ரஜன், நான்கு ஆக்சிஜன் என ஆறு இடங்களில் உலோக அயனியைக் கவ்வும். அதனால்தான் ‘ஹெக்ஸாடென்டேட்’, ஆறு பல் கொண்டது என்று பெயர். லத்தீனில் ‘டென்ஸ்’ என்றால் பல். ‘டென்டிஸ்ட்’ பிறந்ததும் அதே வேரில்தான். அந்த ஆறு பற்கள் என் பல்லின் கால்சியத்தைக் கவ்வி, அரத்தால் ராவியபோது குழாய்ச் சுவரில் படிந்த மாவுப் படலத்தைக் கரைத்தெடுத்தன.

இப்படி உலோக அயனியோடு இணையும் மூலக்கூறை நம் பாடநூல் ‘ஈனி’ என்கிறது. இரண்டு இடங்களில் கவ்வும் ‘பைடென்டேட்’ வகைக்கோ அதில் ‘இருமுனை ஈனி’ என்றிருக்கிறது. ‘பல்’ என்றால் ‘பல’வோடு குழம்பும் என்று அஞ்சியிருக்கலாம், நியாயம்தான். ஆனால் சீப்புக்கும் ரம்பத்துக்கும் பூண்டுக்கும்கூடப் பல் வைத்த மொழி நம்முடையது. ‘முனை’ என்று படிக்கும் மாணவனுக்குத் தொடுவது தெரிகிறது, கவ்வுவது தெரிவதில்லை. அடுத்த பதிப்பில் அடைப்புக்குறிக்குள்ளாவது ‘இருபல் ஈனி’ என்று சேர்க்குமாறு வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
கும்பகோணம்