16 மணி நேரப் பயணம் கிளம்பும் என் தோழிக்கு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்து நாலு நாள் ஆகிறது. கண் அறுவை முடிந்து சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்கிறேன், ஒரே மூச்சில் பத்து வரிக்குமேல் எழுத முடியவில்லை, அதனால் விட்டு விட்டு எழுதுகிறேன். பார்வை நன்றாகவே தெரிகிறது, கவலைப்படாதே. அவரும் நடை, தோட்டம் என்று சௌக்கியமாக இருக்கிறார். என் பக்கத்துச் சேதி அவ்வளவுதான். நீ பாட்டியாகப் போகிறாய் என்று படித்ததும் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாம் இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தூக்கி வளர்த்த பெண்ணுக்குக் குழந்தை!

பிரசவத்தைவிட அந்த 16 மணி நேர விமானம்தான் பயமாக இருக்கிறது, தூக்கமே வரவில்லை என்று எழுதியிருந்தாயே, அதற்குத்தான் இந்த நீளமான பதில். உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றை முதலில் சொல்கிறேன். நான் முதல் தடவை மகளிடம் போனபோது 14 மணி நேரம். வேடிக்கை பார்க்கலாம் என்று ஆசையாக ஜன்னல் ஓரம் கேட்டு வாங்கினேன். ஏறிய ஒரு மணி நேரத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள், எப்படி எழுப்புவது? எழுப்பக்கூடாது என்றால் பாத்ரூம் போகக்கூடாது, பாத்ரூம் போகக்கூடாது என்றால் தண்ணீர் குடிக்கக்கூடாது. அப்படியே காலை மடக்கி உட்கார்ந்தவள்தான். இறங்கும்போது தலை வெடிக்கிற வலி, பாதம் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை, சூட்கேஸை இழுக்கக் கையில் தெம்பில்லை. ஏழு மாத வயிற்றோடு வாசலில் நின்றவள் என் பெண். அவளைத் தாங்கப் போன என்னை அவள் தாங்கிப் பிடித்துக் காருக்குக் கூட்டிப் போனாள். மூன்று நாள் அவள்தான் எனக்குச் சமைத்துப் போட்டாள். இன்றைக்கும் நினைத்தால் மனசு கனக்கிறது. உனக்கு அப்படி ஆகக்கூடாது.

அதற்கப்புறம் ஏழு முறை போய்விட்டேன், ஒவ்வொரு முறையும் ஏதாவது கற்றுக்கொண்டேன். 16 மணி நேரத்தை எப்படிக் கடத்துவது என்று யோசிக்காதே. இறங்கின பிறகு வரும் முதல் ஒரு மணி நேரத்தில் நீ எப்படி இருக்க வேண்டும் என்பதை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போடு.

முதல் முடிவு, நடைபாதை ஓர இருக்கை. டிக்கெட் போடும்போதே மாப்பிள்ளையிடம் சொல்லி அதை எடுத்துவிடு, கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால் கொடு, அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதே. ஓரத்தில் உட்கார்ந்தால் யாரையும் கேட்காமல் எழுந்திருக்கலாம், அந்தத் தைரியத்தில் தண்ணீர் குடிப்பாய், குடித்தால் பாத்ரூம் போயாக வேண்டும், போனால் நடந்தாக வேண்டும், நடந்தால் கால் வீங்காது. என் முதல் பயணத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தது எல்லாம் இந்த ஒரு இருக்கையில் சரியாகிவிடும். ஆட்டம் பயமாக இருந்தால் இறக்கைக்கு நேராக உள்ள வரிசையைக் கேள், வாலை விட அங்கே குலுங்குவது குறைவு.

உடம்புக்கு ஏன் அவ்வளவு அசதி என்று அப்போது எனக்குப் புரியவில்லை, மகள்தான் பிறகு விளக்கினாள். விமானம் 35,000 அடி உயரத்துக்குப் பக்கமாகப் பறக்கிறது. உள்ளே காற்றை அழுத்தி வைத்திருந்தாலும் தரையில் இருக்கிற அளவுக்கு வைப்பதில்லை. 6,000 முதல் 8,000 அடி உயர மலைமேல் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். ஆக்ஸிஜன் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும், அதுதான் அந்தச் சோர்வு. இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமா, நடுவானில் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து இறுக்கி மூடி வை. தரையிறங்கிய பிறகு எடுத்துப் பார், யாரோ கையால் நசுக்கின மாதிரி ஒடுங்கிப் போயிருக்கும். மேலே போகும்போது இதற்கு நேர்மாறாக நடக்கிறது, வயிற்றுக்குள் இருக்கிற காற்று கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வரை கூடுதலாக விரியும். அதனால்தான் உப்புசம். இடுப்பில் இறுக்காத துணி போட்டுக்கொள், கொடுப்பதில் பாதி சாப்பிடு, சோடா கலந்த பானம் எதுவும் வேண்டாம்.

அப்புறம் அந்த வறட்சி. கேபினுக்குள் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. மூக்கு, தொண்டை, உதடு, கண் எல்லாம் காயும். உதட்டுக்குத் தடவ ஒரு சின்ன டப்பா, கைக்கு க்ரீம், மூக்கில் விட உப்புநீர்த் துளி, இது மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். திரவம் எதுவும் 100 மில்லிக்குமேல் உள்ள பாட்டிலில் இருந்தால் செக்யூரிட்டியில் எடுத்துவிடுவார்கள், அதைப் பார்த்து வாங்கு. காலி பாட்டில் ஒன்றைக் கொண்டுபோய்ச் சோதனை முடிந்த பிறகு நிரப்பிக்கொள், ஒவ்வொரு தடவையும் அந்தக் குட்டி டம்ளருக்காக மணியடிக்க வேண்டாம். ஒரேயடியாகக் குடிக்காமல் மணிக்கு நாலு வாய் குடி. நீ கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவள், அன்றைக்கு மட்டும் கண்ணாடியோடு போ. சாப்பாடு சப்பென்று இருந்தால் சமைத்தவரைக் குறை சொல்லாதே, அந்த வறண்ட காற்றிலும் இரைச்சலிலும் இனிப்பும் உப்பும் நாக்குக்குக் குறைவாகத்தான் தெரியும்.

இரைச்சலைச் சொல்லும்போது ஒன்று. ஓயாமல் கேட்கிற அந்த ஹூம் சத்தம் தலைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இரைச்சலை அடக்குகிற ஹெட்போன் உன் மகன் வைத்திருப்பான், கேட்டு வாங்கிப் போ. போஸ் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸ் 1978-ல் ஸூரிச்சிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்தபோது, விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் இரைச்சலை மீறிப் பாட்டே கேட்கவில்லை என்று, அங்கேயே நோட்டை எடுத்து இதற்கான கணக்கைப் போட ஆரம்பித்தாராம். நம்மை மாதிரி ஒரு பயணியின் அவஸ்தையில் பிறந்த பொருள். அது கிடைக்கவில்லையென்றால் காதில் வைக்கிற பஞ்சு போதும்.

சரி, கால். உனக்கு நரம்புச் சுருட்டல் இருக்கிறது, அதனால் இந்தப் பத்தியை இரண்டு தடவை படி. ஆடுதசைதான் காலில் இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுகிற பம்ப். அது அசையாவிட்டால் ரத்தம் கீழேயே தேங்கும், சில பேருக்கு உறைந்து கட்டியும் ஆகும். நாலு மணி நேரத்துக்குமேல் உட்கார்ந்தே பயணம் செய்தால் அந்த ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் சொன்னது. அப்படியும் மொத்தத்தில் 6,000 பேரில் ஒருவருக்கு என்கிற அளவுதான், பயப்பட வேண்டாம். ஆனால் உன் காலுக்கு டாக்டரைப் பார்க்காமல் போகாதே. முழங்காலுக்குக் கீழே போடுகிற, காலை இறுக்கிப் பிடிக்கிற கம்ப்ரஷன் ஸ்டாக்கிங்ஸ் தேவையா, எந்த அளவு என்று அவரே அளந்து சொல்லட்டும், கடையில் கைக்குக் கிடைத்ததை வாங்காதே. உட்கார்ந்தபடியே குதிகாலைத் தரையில் ஊன்றி விரலைத் தூக்கு, பிறகு விரலை ஊன்றிக் குதிகாலைத் தூக்கு, அரை மணிக்கொரு தடவை இருபது முறை. காலுக்கடியில் பை வைக்காதே, நீட்ட இடம் வேண்டும். அரை அளவு பெரிய, நாடா வைத்த ஷூ போட்டுக்கொள். டாக்டரிடம் போகும்போது பிரஷர் மாத்திரை நேரத்தையும் கேட்டுக்கொள், சுமார் 10 மணி நேரம் மாறுகிறதே. மாத்திரையும் சீட்டும் கைப்பையில்தான், சூட்கேஸில் போடாதே.

இப்போது தூக்கம், இதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறோம். நீ இரவு 2 மணிக்கு ஏறி அங்கே காலை 8 மணிக்கு இறங்குகிறாய். நீ ஏறுகிற நேரத்தில் அங்கே முந்தின நாள் சாயந்திரம் 4 மணி வாக்கில் இருக்கும். உட்கார்ந்ததும் கடிகாரத்தை அந்த ஊர் நேரத்துக்குத் திருப்பிவிடு. அதற்கப்புறம் நம் ஊரில் இப்போது மணி என்ன என்று ஒரு தடவைகூடக் கணக்குப் பார்க்காதே, அது காலைப் பிடித்துப் பின்னால் இழுக்கிற கணக்கு. கிளம்புகிற அன்று மதியம் இரண்டு மூன்று மணி நேரம் படுத்து எழுந்துவிடு. சூட்கேஸ் கட்டுவது முந்தின நாளே முடிந்திருக்க வேண்டும், என்னைப்போலக் கடைசி நிமிடம் வரை தராசில் வைத்து எடுத்துக்கொண்டிருக்காதே. ஏறியதும் தூக்கம் கண்ணைச் சொருகும், ஆனாலும் விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு மூன்று மணி நேரம் தாக்குப்பிடி. சாப்பிடு, ஏதாவது பார், பக்கத்தில் இருப்பவரோடு பேசு. அங்கே இரவு 7 ஆகும்போது கண்பட்டியைக் கட்டிக்கொண்டு சாய்ந்துவிடு. போர்வைக்கு மேலே தெரிகிற மாதிரி சீட் பெல்ட்டைப் போடு, இல்லாவிட்டால் ஆட்டம் வரும்போதெல்லாம் பெல்ட் போட்டிருக்கிறாயா என்று பார்க்கப் பணிப்பெண் எழுப்புவார். கழுத்துத் தலையணையின் தடித்த பக்கம் தாடைக்குக் கீழே முன்பக்கம் வரட்டும், தலை முன்னால் தொங்கித்தான் முழிப்பு வருகிறது. காபி, டீ அந்த மாலைச் சாப்பாட்டோடு முடிந்தது, உள்ளே போனதில் பாதி கழியவே ஐந்து மணி நேரம் ஆகும். தூக்க மாத்திரை யார் சொன்னாலும் வேண்டாம், அது உன்னை அசையாமல் போட்டுவிடும், காலுக்கு ஆகாது. நடுவில் முழிப்பு வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், எழுந்து பின்பக்கச் சமையலறை வரை நடந்துவிட்டு வந்து மறுபடி சாய்ந்துகொள். தூக்கம் பிடிக்காவிட்டாலும் கண்ணை மூடியே இரு.

நேரம் நகராத மாதிரி இருந்தால் ஒன்று நினைத்துக்கொள். 1943-லிருந்து 1945 வரை, போர்க்காலத்தில், ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து இலங்கைக்கு கேட்டலினா என்ற கடல் விமானங்கள் பறந்தன. 27 முதல் 33 மணி நேரம் வரை நிற்காத பயணம், கொண்டுபோனதே மூன்று பயணிகளைத்தான், வழியில் சூரியன் இரண்டு தடவை உதிக்குமாம். எனக்கு ஒன்பதாவது மணி நேரம்தான் ரொம்பக் கஷ்டம், பாதி தாண்டியும் தீராத மாதிரி இருக்கும். அப்போதெல்லாம் அவர்களை நினைத்துக்கொள்வேன், தெம்பு வரும்.

கடைசி இரண்டு மணி நேரத்துக்கு வருகிறேன், இதைத்தான் உனக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். விளக்கு போட்டதும் விமானமே எழுந்து பாத்ரூம் வாசலில் வரிசை கட்டும். அதற்குக் கால் மணி நேரம் முன்னால் நீ எழுந்துவிடு. ஒரு துணிப்பையில் மாற்றுச் சட்டை, உள்ளாடை, பிரஷ், சின்ன டவல், சீப்பு, இது ஐந்தும் தனியாக மேலாக வைத்திரு, இருட்டில் தேடக்கூடாது. குழாய்த் தண்ணீர் தொட்டியில் நிற்பது, பல் விளக்கப் பாட்டில் தண்ணீரையே எடு. டவலை நனைத்து முகம், பின்கழுத்து, கையிடுக்கு துடைத்துவிட்டுப் புதுச் சட்டையை மாட்டி, தலையை வாரிப் பின்னிக்கொண்டு வெளியே வா. நாலைந்து மணி நேரம் கூடுதலாகத் தூங்கின மாதிரி இருக்கும், நான் மிகைப்படுத்தவில்லை. திரும்பி வந்து காலை உணவைச் சாப்பிடு, இப்போது காபி குடிக்கலாம்.

விமானம் கீழே இறங்க ஆரம்பித்ததும் தூங்காதே. ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் காது அடைக்கும், விழித்திருந்தால்தான் எச்சில் விழுங்கத் தோன்றும். மிட்டாய் ஒன்றைச் சப்பிக்கொண்டே இரு. சளி பிடித்திருந்தால் கிளம்புமுன்பே டாக்டரிடம் சொல்லிவிடு. பாஸ்போர்ட், மகள் வீட்டு விலாசம், அவள் போன் நம்பர் எழுதிய காகிதம், ஒரு பேனா, எல்லாம் ஒரே உறையில் கைக்கு எட்டுகிற இடத்தில். போனில் இருக்கிறதே என்று நினைக்காதே, சார்ஜ் போயிருக்கும். கதவு திறந்ததும் முண்டியடித்து நிற்க வேண்டாம், கூட்டம் போகட்டும். அதன்பின் நகரும் படியில் நிற்காமல் இம்மிக்ரேஷன் வரை காலாற நட.

வீட்டுக்குப் போன அன்று மதியம் 2 மணி வாக்கில் உடம்பு உன்னைக் கீழே தள்ளும். நம் நேரத்துக்கு அது நள்ளிரவு, அதனால்தான். அந்த நேரத்தில் படுக்கையில் விழாதே, முடியவே இல்லையென்றால் அரை மணி, அதுவும் அலாரம் வைத்து. குழந்தையின் துணியை மடித்துக்கொண்டோ, வாசலில் நாற்காலி போட்டோ, வெளிச்சத்தில் இரு. உடம்புக்குள் இருக்கிற கடிகாரத்தை நகர்த்துவது அந்த வெளிச்சம்தான், அதுவும் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும். விடியற்காலை 3 மணிக்கு முழிப்பு வரும், விளக்கைப் போடாமல் படுத்திரு. நீ போவது மேற்குப் பக்கம், அது கொஞ்சம் லகு, நம் உள் கடிகாரத்தின் நாள் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம் என்பதால் பொழுதை நீட்டினால் ஏற்றுக்கொள்ளும். திரும்பி வரும்போதுதான் கடினம், அதைப் பற்றி நீ அங்கே இருக்கும்போது தனியாக எழுதுகிறேன்.

இருக்கை கிடைத்ததும் எண்ணை எனக்கு எழுது, நடுவில் மாட்டிக்கொண்டாயா என்று நான் பார்த்துச் சொல்கிறேன். டாக்டர் காலைப் பற்றி என்ன சொன்னார் என்பதையும் மறக்காமல் எழுது. பேரனோ பேத்தியோ, கையில் வாங்கியதும் முதல் போட்டோவில் நீயும் இருக்க வேண்டும், அந்தப் புதுச் சட்டையோடு.

அன்புடன்,
உன் தோழி