ஆனி, ஆடியில் வந்து கணக்கெடுக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடல்மட்டம் உயர்வதால் எந்தெந்தக் கடலோர ஊர்கள் எவ்வளவு பாதிக்கப்படும் என்று கணக்கெடுக்கப்போவதாகத் தங்கள் நாளிதழில் படித்தேன். கேரள எல்லையை ஒட்டி நீரோடி முதல் இரையுமன்துறை வரை நெருங்கிக் கிடக்கும் ஊர்களில் ஒன்றில் பிறந்து, அங்கேயே ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு முன்னால் அரபிக்கடல். பின்னால், 1860-இல் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா காலத்தில் வெட்டத் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய். ஏ.வி.எம். கால்வாய் என்றால்தான் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியும். அதுவும் பல இடங்களில் தூர்ந்து சாக்கடையாகிவிட்டது. இவ்விரண்டுக்கும் நடுவே, சில இடங்களில் ஐந்து நிமிடத்தில் நடந்து கடந்துவிடக்கூடிய மணல் பரப்பில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. கடல் ஏறி நிற்கும் நாளில் மழையும் கொட்டினால், ஆறு கடலில் சேரும் வாயான பொழிமுகத்தில் வடிய வழியில்லாத நீர் கால்வாயில் எதிர்த்து ஏறி, எங்களைப் பின்புறமாகச் சூழ்கிறது. கடலிலிருந்து எத்தனை மீட்டர் தூரம் என்று மட்டும் அளப்பவர்களின் ஏட்டில் இந்தத் தண்ணீர் வராது.

ஹைதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் 2012-இல் வெளியிட்ட வரைபடத் தொகுப்பு, கரைக்கோட்டு மாற்றம், கடல்மட்ட மாற்றம், நிலத்தின் உயரம், சரிவு, நிலவமைப்பு, அலை உயரம், ஓத வேறுபாடு (கடல்நீரின் அன்றாட ஏற்ற இறக்க அளவு) ஆகிய ஏழையும் வைத்துக் கரையைத் தரம் பிரித்தது. அது தேவையான வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் 1:1,00,000 என்ற அளவில் வரைந்த படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 100 மீட்டர். எங்கள் தெருக்கள் ஒரு பேனாக்கோட்டுக்குள் மறைந்துவிடும். மேலும், அந்த ஏழும் கரையைப் பற்றியவை. கரையில் இருப்பவர்களைப் பற்றியவை அல்ல.

இருப்பவர்கள் யார்? எங்கள் பகுதி ஆண்களில் பெரும்பாலோர் ஆழ்கடல் தொழிலாளர்கள். கொச்சியிலிருந்து விசைப்படகில் ஏறினால் கரை திரும்ப ஒரு மாதத்துக்கும் மேலாகும். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் பல வீடுகளில் ஆண்களையே இல்லாமல் ஆக்கிவிட்டது. கடல் ஊருக்குள் நுழையும் நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் பெண்களும் முதியவர்களும் குழந்தைகளும்தான். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவுக்கு வந்த கணக்கெடுப்புக் குழு, வீடு ஓடா கான்கிரீட்டா என்று மட்டும் கேட்டு, கான்கிரீட் என்றதும் 'பாதுகாப்பானது' என்று குறித்துக்கொண்டு போனது. நகையை அடகு வைத்துக் கட்டிய அந்த வீட்டின் அடித்தளம் வெறும் மணல் என்பதையும், படுக்கையை விட்டு எழ முடியாத ஒரு மூதாட்டி உள்ளே இருந்தார் என்பதையும் குறிக்க அவர்களின் படிவத்தில் இடமில்லை போலும்.

உலகக் கடல்மட்டம் 1901-க்கும் 2018-க்கும் இடையே ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்திருப்பதாகக் காலநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா. குழுவான ஐ.பி.சி.சி.யின் அறிக்கை கூறுகிறது. ஒரு சாண் அளவுகூட இல்லையே என்று தோன்றலாம். ஆனால் தெற்கே வெகுதொலைவில் எழுந்த புயலின் அலைகள், காற்றோ மழையோ இல்லாத நாளில் திடீரென்று கரையேறும் கள்ளக்கடலின்போது, வாசற்படியோடு நின்ற நீர் அடுப்படிவரை வருவதற்கு அதுவே போதும். நீர் வடிந்த பிறகும் கிணறு உப்பாகவே கிடக்கிறது. அத்தனை நாளும் குடத்தோடு அலைபவர்களும் பெண்களே.

இன்னொன்று. 1956-இல் வகுத்த மாநில எல்லை மணலுக்குத் தெரியாது. ஓரிடத்தில் கடலுக்குள் நீளும் கல்தடுப்பான தூண்டில் வளைவு போட்டால், கரையோரம் நகரும் மணல் அங்கே தங்கி, அடுத்த இடத்தில் அரிப்பு கூடும். நம் பக்கத்துக் கற்களால் தங்கள் வீடுகள் போகின்றன என்று எல்லைக்கு அப்பால் கேரளத்தின் பொழியூர் பக்கத்து மக்கள் வருந்துவதைத் தள்ளிவிட முடியாது. அவர்களில் பலர் எங்களுக்குச் சம்பந்திகள். ஆகவே இரு மாநிலங்களும் சேர்ந்து ஒரே கணக்காக எடுக்க வேண்டும்.

கணக்கெடுப்பவர்கள் கடல் குளம்போல் கிடக்கும் மாசியில் வராமல் ஆனி, ஆடியில் வரட்டும். வீட்டுக்கு வீடு சென்று, இரவில் அங்கே தங்குபவர்கள் எத்தனை பேர், தூக்கிச் செல்ல வேண்டியவர்கள் யார், பட்டா உண்டா, எந்தச் சந்து வழியாக வெளியேறுவார்கள், அந்தச் சந்தில் முதலில் நீர் நிற்குமா என்று கேட்டு எழுதட்டும். எழுதியதை ஊர்க்கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டிய பிறகே மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று அரசு ஆணையிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
வள்ளவிளை, கன்னியாகுமரி மாவட்டம்.