கிட்டப்பா அரைக்கட்டை இறங்கிய கதை

காரைக்குடி

அன்புள்ள சொக்கு,

ஆச்சியும் பிள்ளைகளும் நலந்தானே? இங்கே ஆத்தாவின் முழங்கால் வலியைத் தவிர எல்லோரும் நலம். விஷயத்துக்கு வருகிறேன்.

ஐயா கட்டிய வீட்டைப் பிரித்துவிடுவதென்று பங்காளிகள் ஒருவழியாக முடிவு செய்துவிட்டார்கள். தூண்களும் நிலைகளும் முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்குப் போகப் போகின்றன. இரண்டாம் கட்டு அறையை ஒழித்தபோது பித்தளைச் சாமான்களுக்கு அடியில் கிராமபோன் பெட்டியும் ஒரு கட்டு இசைத்தட்டுகளும் அகப்பட்டன. அவற்றுக்கு யாரும் பங்கு கேட்கவில்லை. வெள்ளிக் கும்பாவுக்கு நடந்த சண்டையைப் பார்த்திருந்தால் இதை நம்ப மாட்டாய்.

தட்டுகளில் ஒன்று நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் ‘காயாத கானகத்தே’!

டி.ஆர். மகாலிங்கம் வெறும் நகல், 1945இல் ‘ஸ்ரீவள்ளி’ படத்தில் அதே பாட்டைப் பாடியும் கிட்டப்பாவின் உயரத்தை எட்டவில்லை என்று கல்லூரி நாளிலிருந்து சாதிக்கிறாயே, அந்த உயரத்தை எதை வைத்து அளந்தாய்? கைப்பேசியில் வரும் பிரதியை வைத்துத்தானே? நான் தட்டுக்கு அடியில் காகிதத் துண்டு செருகி, அது சுற்றுவதை எண்ணி, நிமிடத்துக்கு 78 சுற்று வரும்படி வேகத்தைத் திருகி வைத்துக் கேட்டேன். நீ அனுப்பியதைவிட அரைக்கட்டை சுருதி இறங்கியிருக்கிறது. 82, 83 சுற்றில் ஓட்டிப் பிரதி எடுத்தால் போதும், சுருதி அவ்வளவு ஏறிவிடும், குரலும் மெலிந்துவிடும். பதிவு செய்த அன்று எந்திரம் சரியாக 78இல்தான் ஓடியதா என்று கேட்பாய். கேள். அதற்கு என்னிடமும் பதில் இல்லை, உன்னிடமும் இல்லை. எனவே கட்டைக் கணக்கை இருவருமே விட்டுவிடுவோம்.

கிட்டப்பா மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்குப் பாடிப் பழகியவர். மூன்று நிமிடத்தில் தட்டு முடிந்துவிடும் என்று தெரிந்தும் சொல்லின் கடைசி எழுத்தை அப்படி வீசுகிறார். மகாலிங்கம் மைக்கை அறிந்தவர். குரலைச் சன்னமாக்கி நம் பக்கத்தில் வந்து நிற்கிறார். நகல் எடுப்பவனுக்கு இந்தத் துணிச்சல் வருமா? (உன் மைத்துனர் கண்ணில் இந்தக் கடிதம் பட வேண்டாம்; பி.யு. சின்னப்பாவின் பாட்டை இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்.)

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். 1933இல் கிட்டப்பா போனபோது அவருக்கு வயது 27. சினிமா அவருக்கு வாய்க்கவே இல்லை. மகாலிங்கத்துக்கோ நம் ஊர் மெய்யப்பச் செட்டியார் ‘ஸ்ரீவள்ளி’யைக் கொடுத்தார், பிறகு இங்கேயே ஸ்டூடியோ போட்டு ‘நாம் இருவர்’ படமும் எடுத்தார்.

அது கிடக்கட்டும். இடது காதில் கேட்பது குறைந்துவிட்டது என்று ஒரே வரி எழுதிவிட்டு ஊறுகாய்க்குத் தாவிவிட்டாய். அந்த வரியைத் தாண்டி எனக்கு உன் கடிதம் ஓடவில்லை. டாக்டரிடம் போனாயா இல்லையா? கருவி வைத்துக்கொள்ளச் சொன்னால் வீம்பு பண்ணாமல் வைத்துக்கொள். மழுப்பினால் ஆச்சியிடம் கேட்டுக்கொள்வேன்.

பங்குனிக்குள் வீட்டைக் காலி செய்துவிடுவார்கள். அதற்குள் ஒரு நடை வந்துவிட்டுப் போ. ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்று மாற்ற வேண்டியிருக்கிறது, இருப்பதில் பாதி துருப்பிடித்தவை. பினாங்குப் பழைய கடைகளில் எஃகு ஊசி கிடைத்தால் இரண்டு டப்பா வாங்கி வா. விலையைப் பார்க்காதே.

உன்,
லெச்சு