கிரீஸ் எதிர்ப்பில்லாமல் விழவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் இரண்டாம் உலகப் போர்க் கட்டுரையில், "ஜெர்மன் டாங்குகளுக்கு மலையும் சமவெளியும் ஒன்றுதான், 1941 ஏப்ரலில் கிரீஸ் பெரிய எதிர்ப்பு எதுவும் இல்லாமல் விழுந்தது" என்று ஒரு வரி வந்திருக்கிறது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லிவிடப் போவதில்லை. ஏப்ரல் 6-ஆம் தேதி ஜெர்மனியின் 12-ஆவது ராணுவம் பல்கேரியாவிலிருந்து இறங்கியது. எல்லையில் கிரேக்கர்கள் கட்டிய மெட்டாக்சாஸ் அரண்வரிசை. அதிலிருந்த ரூபெல் கோட்டையை விமானத்தாலும் பீரங்கியாலும் நாள்கணக்கில் அடித்தும் பிடிக்க முடியவில்லை. ஜெர்மனியின் டாங்குப் படையான 2-ஆவது பான்சர் டிவிஷன் அந்த வரிசையை உடைத்துக்கொண்டா வந்தது? யூகோஸ்லாவியாவுக்குள் புகுந்து, ஸ்ட்ருமிட்சா வழியாக டோய்ரான் ஏரிப் பக்கம் சுற்றிக்கொண்டு, 9-ஆம் தேதி வட கிரீஸின் துறைமுக நகரமான தெசலோனிகிக்குள் நுழைந்தது. முதுகுப்புறம் எதிரி வந்துவிட்டதால் கிழக்கு மாசிடோனியாவின் கிரேக்கப் படை சரணடைய வேண்டியதாயிற்று. அந்த உத்தரவு வந்த பிறகுதான், 10-ஆம் தேதி, ரூபெல் கோட்டைக்காரர்கள் வெளியே வந்தார்கள்.

சரி, மலையைக் கடந்தவர்கள் யார்? ஜெர்மனியின் 6-ஆவது மலைப்படை டிவிஷன். சுமார் 2,100 மீட்டர் உயரப் பனிமலைத் தொடரை ஏறிக் கடந்து, இங்கே யாரும் வர முடியாது என்று கிரேக்கர்கள் நம்பியிருந்த இடத்தில் இறங்கினார்கள். அவர்களுக்கு உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. எல்லாப் புகழும் டாங்குக்கு.

நான் சரக்குக் கப்பலில் இன்ஜினியராக இருந்தவன். ஒருமுறை பழுதுபார்க்கும் வேலையாகக் கப்பல் தெசலோனிகியில் நின்றபோது ரூபெலுக்கும் பிளாட்டமோனுக்கும் போய் வந்தேன். ரூபெலில் பாறையைக் குடைந்து போட்ட சுரங்கத்துக்குள் நடந்தேன். சுவரில் கை வைத்தால் ஈரம். அங்கே உட்கார்ந்து குண்டுவீச்சைத் தாங்கியவர்களைத்தான் எதிர்ப்பே காட்டாதவர்கள் என்கிறீர்கள். பிளாட்டமோனில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஒலிம்பஸ் மலையின் சரிவு, நடுவில் மேட்டின்மேல் பழைய கோட்டை. ஏப்ரல் 15, 16 தேதிகளில் கிரீஸுக்குத் துணையாக வந்திருந்த நியூசிலாந்தின் 21-ஆவது பட்டாலியன் தனியாக நின்று பான்சர் முன்னணியை அங்கே மறித்தது. பாறையிலும் புதரிலும் ஏறப்போன டாங்குகள் சங்கிலி கழன்று நின்றன. அப்புறம் பினியோஸ் ஆற்றைக் கடக்கும்போது சில மூழ்கின. 24-ஆம் தேதி தெர்மோபிலே கணவாயில் ஒற்றை வரிசையாகச் சாலையில் வந்தவற்றில் ஒரு டஜனுக்கு மேல் பீரங்கிக்கு இரையாயின.

இன்ஜினோடு வாழ்ந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், மலைச்சாலையும் சமவெளியும் எந்த வண்டிக்கும் ஒன்றாகாது. கிரீஸில் தேய்ந்துபோன 2, 5-ஆவது பான்சர் டிவிஷன்கள் ஜூன் 22-இல் ரஷ்யப் படையெடுப்பு தொடங்கியபோது களத்தில் இல்லை. மாஸ்கோ மீதான அக்டோபர் தாக்குதலுக்குத்தான் வந்து சேர்ந்தன. 2-ஆவது டிவிஷனின் வண்டிகளை இத்தாலிக்கு ஏற்றிப் போன இரண்டு கப்பல்கள் மே மாதம் கண்ணிவெடியில் சிக்கி மூழ்கியதும் வரலாறுதானே?

கிரேக்கப் படையில் பெரும்பகுதி அப்போது அல்பேனியாவில் இருந்தது. 1940 அக்டோபர் 28-இல் கிரீஸுக்குள் புகுந்த முசோலினியின் இத்தாலியப் படையை அங்கே திருப்பி விரட்டியவர்கள் அவர்கள். எஞ்சியவர்கள்தான் ஜெர்மானியரை எதிர்கொண்டார்கள். எதிரிகளில் கிரேக்கச் சிப்பாய்தான் மிகுந்த வீரத்தோடு போரிட்டான் என்று மே 4-ஆம் தேதி ஹிட்லரே நாடாளுமன்றத்தில் சொன்னார். எதிரி ஒப்புக்கொண்டதை நம் பத்திரிகை மறுக்கிறது.

இது முதல் தடவையும் அல்ல. போன வருடம் நார்வே பற்றிய கட்டுரைக்கு ஆப்பிரிக்கப் பாலைவன டாங்கின் படத்தைப் போட்டீர்கள். சுட்டிக்காட்டி எழுதினேன், பதில் இல்லை. அதற்கு முன் எழுதிய கடிதத்தில் விவரமெல்லாம் போய், பாராட்டிய ஒரே வரி மட்டும் அச்சாகியிருந்தது. வாசகர் கடிதத்துக்கு இரண்டு பக்கம் இருந்த இடத்தில் இப்போது அரைப்பக்கம். மீதியில் சினிமாத் துணுக்கு. சந்தா மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. அப்பா காலத்திலிருந்து வாங்கும் பத்திரிகை என்பதால் நிறுத்தவும் மனம் வரவில்லை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். இடம் இருந்தால் வட கிரீஸின் வரைபடம் ஒன்று, மலைகளோடு. இக்கடிதத்தைச் சுருக்கத்தான் வேண்டுமென்றால் சந்தா பற்றிய பகுதியை எடுத்துவிடுங்கள்; ரூபெலை எடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
நீண்டநாள் சந்தாதாரர்,
தூத்துக்குடி