புகார் கொடுத்தவருக்கே மாற்றலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் பள்ளியில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். நான் பணியாற்றிய தனியார் பள்ளியிலும் இருந்தது, ஸ்டாஃப் ரூம் சுவரில், லேமினேட் செய்த தாளாக. வெளி உறுப்பினர் என்று அதில் போட்டிருந்தவர் தாளாளரின் குடும்ப வக்கீல்!

ஆசிரியை புகார் எழுதினால் முதலில் சமரசப் பேச்சு, அப்புறம் அவருக்கே வேறு கிளைக்கு மாற்றல். ஆனால் சட்டப்படி, விசாரணை நடக்கும்போது இடமாற்றம் என்பது, புகார் கொடுத்தவர் எழுதிக் கேட்டால் குழு பரிந்துரைக்கும் நிவாரணம். எதிராளியையும் மாற்றச் சொல்லலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும்.

ஆய்வுக்கு வரும் கல்வி அதிகாரிகள் கழிவறை, குடிநீரைப் பார்ப்பதோடு, இந்தக் குழு கடைசியாகக் கூடியதற்கான பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும்.

- ஓய்வுபெற்ற ஆசிரியை, திண்டுக்கல்