கேன்டீனுக்குக் காற்றும் கூடுதல் நேரமும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கொரோனா ஊரடங்குத் தளர்வுகளுக்குப் பிறகு தொழிற்சாலைகள் மறுபடி ஓடத் தொடங்கியிருப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். வாசலில் காய்ச்சல் பார்ப்பது, கிருமிநாசினி தெளிப்பது, உற்பத்தி லைனில் ஆட்களுக்கு இடைவெளி விடுவது எல்லாம் அதில் விவரமாக இருந்தன. கேன்டீனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்பவள் நான். ஒரு ஷிஃப்டில் நாங்கள் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு எதிரெதிரே உட்காருவது கேன்டீனில்தான். அதனால் எழுதுகிறேன்.

2021 மே மாதக் கடைசியில் எங்கள் பகுதி கார் தொழிற்சாலைகளில் தொழிலாளர்கள் பாதுகாப்பு கேட்டு வேலையை நிறுத்தினார்கள். ஒரு வழக்கு உயர்நீதிமன்றம் வரை போனது. லைனில் ஆளுக்கு ஆள் எவ்வளவு இடைவெளி என்பது அங்கே பெரிய கேள்வியாக இருந்தது. அது நியாயமான கேள்விதான். ஆனால் லைனில் நாங்கள் முகக்கவசத்தோடு நிற்கிறோம், வேலை மும்முரத்தில் பேசுவதும் குறைவு. கேன்டீனில் இரண்டுமே தலைகீழ். இரும்புத் தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் ஷாப்பிலிருந்து வருகிறவர்கள் சாதாரணமாகப் பேசினாலே உரக்கத்தான் பேசுவார்கள். நாள் முழுக்க இயந்திரச் சத்தத்தில் இருந்த காது அப்படி. குரல் உயர உயர மூச்சோடு வெளியே வரும் துளிகளும் கூடும். இப்போது மேஜைகளில் அக்ரிலிக் தடுப்பு வேறு வைத்திருக்கிறார்கள். எதிரே இருப்பவர் சொல்வது கேட்காததால், ஆளாளுக்குத் தடுப்புக்கு மேலே தலையை நீட்டி இன்னும் சத்தமாகப் பேசுகிறார்கள். இதை நான் தினமும் பார்க்கிறேன்.

தட்டையும் டம்ளரையும் வெந்நீரில் கழுவுவது நல்லது, தொடர வேண்டும். ஆனால் இந்த நோய் சாப்பாட்டின் வழியாகப் பரவுவதில்லை, பக்கத்தில் இருப்பவரின் மூச்சு வழியாகத்தான் வருகிறது. சீனாவின் குவாங்சோ நகரில் 2020 ஜனவரி 24 அன்று, அவர்களுடைய புத்தாண்டுக்கு முதல் நாள், ஒரு உணவகத்தில் நடந்ததை நிர்வாகிகள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். பக்கத்துப் பக்கத்து மூன்று மேஜைகளில் மூன்று குடும்பங்கள். ஒரு மேஜையில் வூஹானிலிருந்து வந்த ஒருவருக்குத் தொற்று இருந்தது. அவரோடு சேர்த்து அந்தக் குடும்பங்களில் மொத்தம் 10 பேருக்கு நோய் வந்தது. மேஜைகளுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி இருந்தும் தப்பவில்லை. அதே தளத்தில் மற்ற மேஜைகளில் சாப்பிட்டவர்களுக்கும் பரிமாறியவர்களுக்கும் வரவில்லை. அந்த மூன்று மேஜைகளும் ஒரே ஏ.சி.யின் காற்றோட்டத்தில் இருந்தன. காற்றை வெளியேற்றும் விசிறிகள் ஓடவில்லை, வெளிக்காற்று உள்ளே வருவதும் மிகக் குறைவு. ஆக, இருந்த காற்றே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது.

எங்கள் கேன்டீனில் ஈ வருகிறது என்று ஜன்னல்களை மூடியே வைத்திருக்கிறார்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் சமையல் பக்கம் மட்டும்தான். அதிகாரிகள் சாப்பிடும் அறையில் ஏ.சி. ஓடுகிறது, அங்கே ஆபத்து எங்களைவிட அதிகம் என்று நினைக்கிறேன், அவர்களுக்காகவும்தான் சொல்கிறேன். ஜன்னலுக்கு வலை அடித்துத் திறந்து வைப்பதும், சாப்பிடும் பக்கம் நாலு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுவதும் அக்ரிலிக் வாங்கிய செலவுக்குள் முடிகிற வேலை.

அடுத்தது நேரம். உணவு இடைவேளைகளைப் பிரித்துவிட வேண்டும் என்று மத்திய உள்துறை அமைச்சகம் 2020 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. பல இடங்களில் காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது. நடப்பு வேறு. அரை மணி நேரத்தில் கையுறை கழற்றி, கேன்டீன் வரை நடந்து, கை கழுவி, டோக்கன் கொடுத்து வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிட்டுத் திரும்ப வேண்டும். முதல் பேட்ச் எழுந்திருக்கும் முன்பே இரண்டாவது பேட்ச் தட்டோடு அவர்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. 1948-ஆம் ஆண்டின் பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் 55-ஆம் பிரிவு குறைந்தது அரை மணி நேரம் ஓய்வு கொடு என்றது. முக்கால் மணி நேரம் கொடுக்க எந்தச் சட்டமும் தடையில்லை. உற்பத்தி குறையும் என்பார்கள். ஒரு லைனில் நாலு பேர் ஒன்றாகப் படுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்த மே மாதம் எல்லா சூப்பர்வைசர்களும் பார்த்தார்களே!

பெண்கள் நாங்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி கொண்டுவந்த வத்தக்குழம்பை எல்லோரும் ஆளுக்கு ஒரு கரண்டி போட்டுக்கொண்டு சாப்பிடுவது வழக்கம். அதை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. வாரம் முழுக்க வேலைக்கும் வீட்டுக்கும் அலைகிறவர்களுக்கு அந்தக் கொஞ்ச நேரம்தான் ஆறுதல். வெளியே, மரத்தடியில், தள்ளித் தள்ளி உட்கார்ந்து சாப்பிடலாம். குழம்பைத் தனிக் கரண்டியால் ஒருத்தியே பரிமாறலாம். எங்கள் கம்பெனியில் கேட்டை ஒட்டி வேப்பமரங்களும் நல்ல நிழலும் இருக்கின்றன. அங்கே பெஞ்சு போடக் கேட்டோம், வருகிறவர்கள் பார்வைக்கு நன்றாக இருக்காது என்றார்கள்.

கேன்டீனில் பரிமாறும் பையன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆவியில் நனைந்த முகக்கவசத்தோடு நாள் முழுக்க நிற்கிறார்கள், ஒரே அறையில் பலர் தங்குகிறார்கள். தடுப்பூசி முகாம் நடந்தபோது ‘கம்பெனி ஆட்கள்’ பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் லேசான காய்ச்சலை மாத்திரை போட்டு அடக்கிக்கொண்டு வருவதும் நடக்கிறது. லீவு எடுத்தால் அன்றைய கூலி போய்விடும் என்ற பயம். இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு இருப்பவர்களுக்கு மருத்துவச் சான்றிதழின் பேரில் 70 சதவீத ஊதியம் கிடைக்க வழியுண்டு, அதை ஹெச்.ஆர். கூப்பிட்டு எடுத்துச் சொன்னால் பலர் வீட்டிலேயே இருப்பார்கள்.

250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேன்டீன் வேண்டும் என்பதோடு, அதன் நிர்வாகக் குழுவில் தொழிலாளர்களுக்கு இடம் தருவது பற்றியும் அதே தொழிற்சாலைகள் சட்டத்தின் 46-ஆம் பிரிவு பேசியது. அந்தக் குழுவை உடனே கூட்டி இதையெல்லாம் முடிவு செய்யலாம். தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தின் அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: ஆய்வுக்கு வரும்போது காலை பதினொரு மணிக்கு வந்து காலி மேஜைகளைப் பார்த்துவிட்டுப் போகாமல், பன்னிரண்டரைக்கு, முன்கூட்டிச் சொல்லாமல் வாருங்கள்.

– பெயர் வெளியிட விரும்பாத தொழிலாளி,
ஸ்ரீபெரும்புதூர்.