சான்றிதழ் பிழைக்கு அது மருந்தல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் பைத்தான் தொடரை எங்கள் பாலிடெக்னிக் மாணவர்கள் விடாமல் படிக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். இணையத்திலிருந்து தரவு எடுக்கும் பாடத்தில், ‘சான்றிதழ் பிழை வந்தால் வெரிஃபை என்பதை ஃபால்ஸ் என்று மாற்றுங்கள், சரியாகிவிடும்’ என்று போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. ஒரு தளம் ‘நான் இன்னார்’ என்று காட்டும் டிஜிட்டல் அடையாள அட்டைதான் சான்றிதழ். வெரிஃபையை ஃபால்ஸ் ஆக்கினால், அதைச் சரிபார்க்கவே வேண்டாம் என்று பொருள். சரியாகாது. பிழைச் செய்தி வராது, அவ்வளவுதான்.

சென்ற செமஸ்டரில் ஒரு மாணவியின் மினி ப்ராஜெக்ட்டைத் திருத்தினேன். பெற்றோருக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் புரோகிராம். ஏபிஐ கீ (எஸ்எம்எஸ் சேவையைப் பயன்படுத்தக் கொடுக்கும் ரகசியச் சாவி) இருந்த வரிக்கு அடுத்த வரியிலேயே இந்த ஃபால்ஸ். ஏன் என்று கேட்டதற்கு, “பேப்பர்ல போட்டிருந்தாங்க மிஸ்” என்றாள்.

பைத்தானில் இணையத்தோடு பேச உதவும் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியில் அப்படிப் போட்டாலும் தகவல் என்கிரிப்ட் ஆகித்தான், அதாவது பிறர் படிக்க முடியாதபடி பூட்டித்தான், போகும். ஆனால் எதிர்முனையில் யார் என்று பார்ப்பது நின்றுவிடும். நடுவில் ஒருவன் உட்கார்ந்து ‘நான்தான் அந்த சர்வர்’ என்றால், புரோகிராம் நம்பி அந்தக் கீயை அவன் கையில் கொடுத்துவிடும். பாதுகாப்பில்லாத கோரிக்கை என்று லைப்ரரி எச்சரிக்கத்தான் செய்கிறது. அந்த எச்சரிக்கையின் வாயை அடைக்கவும் மாணவர்கள் இன்னொரு வரியைத் தேடிப் பிடித்துவிடுகிறார்கள். அதில் மட்டும் படு சுறுசுறுப்பு.

பைத்தான் பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் பிப் கட்டளையோடு, ‘இந்தத் தளத்தைச் சோதிக்காமலே நம்பு’ என்று சொல்லும் ‘டிரஸ்டட் ஹோஸ்ட்’ சேர்ப்பது இதைவிட மோசம். அங்கே வருவது வெறும் தரவு இல்லை, நம் கணினியில் ஓடப்போகிற கோட். மூல வடிவில் வரும் பேக்கேஜ் என்றால், இன்ஸ்டால் ஆகும்போதே அதன் செட்டப் ஃபைல் ஓடிவிடும். அப்புறம் அதை நீக்கி என்ன பயன்?

2014-ல் மேக்ஸ் வெய்ட்ஸ்மேன் என்பவர் இதை ஜாவா உலகத்துக்குச் செய்தே காட்டினார். அப்போது ஜாவாவின் பொதுக் கிடங்கான மேவன் சென்ட்ரலிலிருந்து லைப்ரரிகள் பெரும்பாலும் என்கிரிப்ட் ஆகாத வெறும் எச்டிடிபி வழியாகத்தான் இறங்கின. அவர் நடுவில் ப்ராக்ஸி என்ற இடைத்தரகு புரோகிராமை வைத்து, வருகிற ஜார் ஃபைலுக்குள் (ஜாவா லைப்ரரி வரும் பொட்டலம்) தன் கோடைச் செருகினார். விஷயம் வெளியே வந்ததும், சான்றிதழைச் சோதிக்கும் எச்டிடிபிஎஸ் எல்லோருக்கும் திறக்கப்பட்டது. 2020 ஜனவரி 15-ல் எச்டிடிபியை அடியோடு நிறுத்தினார்கள். பைத்தானும் 2014 டிசம்பரில் வந்த 2.7.9 பதிப்பில்தான் தன் சொந்த எச்டிடிபி லைப்ரரிகளில் இந்தச் சான்றிதழ்ச் சோதனையைத் தானாகவே செய்ய ஆரம்பித்தது. அதை நம் பிள்ளைகள் ஒரே சொல்லில் அணைத்துவிடுகிறார்கள்.

பிழை ஏன் வருகிறது என்று பார்த்தால், லேபில் பெரும்பாலும் இரண்டே காரணம். ஒன்று, கடிகாரம். பழைய கணினியில் மதர்போர்டின் பொத்தான் பேட்டரி செத்துப்போய், தேதி பல வருஷம் பின்னால் ஓடிவிடும். அந்தக் கணினியின் கணக்கில் இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. பேட்டரியை மாற்றித் தேதியைத் திருத்தினால் தீர்ந்தது.

இன்னொன்று, கல்லூரி நெட்வொர்க்கின் காவலாளியான ஃபயர்வால். எல்லா இணைப்பையும் நடுவில் பிரித்துப் பார்த்துவிட்டுத் தன் சான்றிதழை ஒட்டி அனுப்பும். அதன் ரூட் சான்றிதழ் (மற்றச் சான்றிதழ்களுக்கு உறுதி சொல்லும் மூலச் சான்றிதழ்) விண்டோஸில் ஏற்றப்பட்டிருப்பதால் குரோம் முனகாமல் திறக்கும். ரிக்வெஸ்ட்ஸ் தன்னிடம் உள்ள ரூட் சான்றிதழ்ப் பட்டியலை மட்டும் பார்ப்பதால் மறுக்கும். நெட்வொர்க் பார்ப்பவரிடம் அந்த ரூட் ஃபைலை வாங்கி, வெரிஃபைக்கு ஃபால்ஸ் கொடுக்கிற இடத்தில் அது இருக்கும் பாதையைக் கொடுத்தால் போதும். பைத்தான் 3.10 அல்லது அதற்கு மேல் என்றால் பிப்புக்கு அதுவும் வேண்டாம், 24.2 பதிப்பிலிருந்து அது விண்டோஸ் பட்டியலையே பார்த்துக்கொள்கிறது.

இத்தனையும் செய்தாலும், உண்மையான தளத்திலேயே கெட்ட பேக்கேஜ் ஏறியிருந்தால் சான்றிதழ் காப்பாற்றாது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

அடுத்த வாரம் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். கூடவே பிழைச் செய்தியின் கடைசி வரியைப் படிக்கவும் சொல்லுங்கள். சான்றிதழ் ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று அதில் இருந்தால் முதலில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். வழங்கியவரின் சான்றிதழ் கிடைக்கவில்லை என்று இருந்தால் ஃபயர்வாலை விசாரிக்க வேண்டும்.

இப்படிக்கு,
பாலிடெக்னிக் கணினி ஆய்வகப் பயிற்றுநர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்